கண்ணில் கோளாறு இல்லை என்கிறார்கள், ஆனால் சுவர் நெளிகிறது!

வாசகர் கேள்வி: எனக்கு 24 வயது. சொந்த ஊர் திருப்பூர், பெங்களூருவில் ஐடி வேலை. ஏழு மாதத்துக்கு முன் நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது போதைக் காளான் சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு பார்ட்டியில் ஸ்டாம்ப் (எல்.எஸ்.டி. என்ற போதைப் பொருள் தடவியது என்று விற்கும் காகிதம்) பாதி நாக்கில் வைத்தேன். மறுநாளிலிருந்து பார்வை சரியில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சேனல் வராத பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. கையை அசைத்தால் பின்னாலேயே வால் மாதிரி நிழல் வருகிறது. தெருவிளக்கைச் சுற்றி வளையம். எக்செல் ஷீட்டில் கோடுகள் நெளிகின்றன. மூன்று கண் டாக்டர்களைப் பார்த்தேன். ‘பார்வை 6/6, ஒன்றுமில்லை’ என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போதை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. செல்போன்தான் காரணம் என்று திட்டும் அம்மா, சமயபுரத்துக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண் போய்விடுமா? பைத்தியம் பிடிக்கிறதா? இது எப்போது சரியாகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வகைத் தொந்தரவால் கண் பார்வை போவதில்லை. பைத்தியம் பிடிப்பதற்கான அறிகுறியாகவும் இது தெரியவில்லை. சுவர் நெளிவதுபோல் தெரிகிறது, ஆனால் நிஜத்தில் நெளியவில்லை என்று உங்களுக்கே தெரிகிறது, இல்லையா? மனநல மருத்துவர்கள் முதலில் தேடுவது அந்தத் தெளிவைத்தான்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும், கொதிக்கும் புள்ளிகள், அசைவுக்குப் பின்னால் வரும் வால், விளக்கைச் சுற்றிய வளையம், நெளியும் கோடுகள் எல்லாமே, ஒரே ஒரு பெயரை நோக்கிக் கை காட்டுகின்றன. ஹாலுசினோஜன் பெர்சிஸ்டிங் பெர்செப்ஷன் டிஸார்டர். சுருக்கமாக எச்.பி.பி.டி. மாயத்தோற்றம் தரும் போதைப் பொருள் உடம்பை விட்டுப் போன பிறகும் காட்சிக் கோளாறு மட்டும் தங்கிவிடுவது. இந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல டாக்டர்கள் தங்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைத்தான் இப்படிப் பார்த்திருப்பார்கள்.

இது புதிய நோய் இல்லை. ஹென்றி ஆபிரகாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983-லேயே எல்.எஸ்.டி. எடுத்தவர்களின் காட்சித் தொந்தரவுகளை வகைப்படுத்தி எழுதினார். 1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இதற்கு இடம் கிடைத்தது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய பொருள்களைப் பயன்படுத்திய 2,455 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டார்கள். போதை இல்லாத நேரத்திலும் ஏதோ ஒரு காட்சி மாற்றம் தெரிந்ததாகப் பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தொந்தரவு இருந்தவர்கள் 4.2 சதவீதம். பல முறை எடுத்தவர்களுக்குத்தான் வரும் என்பதும் இல்லை. ஒரே ஒரு முறையில் வந்தவர்களும் உண்டு. ‘ஊரே எடுக்கிறது, எனக்கு மட்டும் ஏன்’ என்று குமையாதீர்கள்.

நம்மூரில் போதையால் பார்வை போகும் என்றாலே கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது பார்வை நரம்பையே எரித்துவிடும். உங்களுக்கு நடந்திருப்பது வேறு. கண் பார்த்து அனுப்புகிறது, மூளை அதைப் படமாக்குகிறது. அப்படிப் படமாக்கும்போது மூளை ஏகப்பட்ட குப்பையை வடிகட்டுகிறது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடிபோனவருக்கு முதல் வாரம் தூக்கம் வராது. இரண்டாவது மாதம் ரயில் போவதே காதில் விழாது. கண்ணுக்கும் அப்படி ஒரு வடிகட்டி உண்டு. எல்.எஸ்.டி.யும் காளானில் உள்ள சைலோசைபினும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடங்களில் போய் உட்கார்கின்றன. அந்தக் கலக்கத்தில் வடிகட்டி தளர்ந்துபோய், சிலருக்கு மறுபடி இறுகாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதனால்தான் 6/6 வருகிறது. டாக்டர்கள் உங்களை ஏமாற்றவில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்டாம்ப் மருந்து முதுகுத்தண்டிலேயே தங்கிவிடும், வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்று நண்பர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். சுத்தக் கட்டுக்கதை. எல்.எஸ்.டி. சில நாள்களிலேயே உடம்பை விட்டு வெளியேறிவிடும். அதை ‘வெளியேற்ற’ என்று விற்கும் எந்த டீடாக்ஸ் பொடிக்கும் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஸ்டாம்ப் என்று விற்கப்படுவதெல்லாம் எல்.எஸ்.டி. இல்லை. அதைவிட ஆபத்தான வேறு ரசாயனங்கள் தடவிய காகிதமும் அதே பெயரில் விற்கிறது. நீங்கள் வைத்தது எது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது நான் உண்மையிலேயே வருத்தப்படும் இடத்துக்கு வருகிறேன். மூன்று டாக்டர்கள், ஆறு மாதம், எவ்வளவோ செலவு. ஆனால் ஒரே ஒரு வரியைச் சொல்லவில்லை.

உங்களைப் போலவே ஒரு பையன் என்னிடம் வந்தான், அப்பாவோடு. பிளாஸ்டிக் கவரில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு. அரை மணி நேரம் பேசியும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா டீ குடிக்க வெளியே போன பிறகு, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, “மேம், கோவா போனப்ப ஒண்ணு எடுத்தேன்” என்றான். அந்த ஒரு வரி வந்ததும் அதுவரை சேராத எல்லாம் சேர்ந்துகொண்டது. இன்னொன்றையும் கவனித்தேன். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் நான்கு முறை எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். புள்ளிகள் இருக்கின்றனவா என்று சோதிக்கிறான். அவனுக்கே தெரியாமல் அது பழக்கமாகியிருந்தது. நீங்களும் அதைச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்ப்பது, கையை ஆட்டிப் பார்ப்பது, இரவு இரண்டு மணிக்கு கூகுளில் தேடுவது. கவனிக்கக் கவனிக்கப் புள்ளிகள் கூடும், அதைப் பார்த்துப் பயம் கூடும், பயத்தில் தூக்கம் போகும், தூக்கம் போனால் புள்ளிகள் இன்னும் கூடும்.

சொன்னால் போலீஸ் வருமோ, ஆபீஸுக்குத் தெரியுமோ என்ற பயம் புரிகிறது. நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. மனநல சிகிச்சை விவரங்களுக்கு அந்த உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. உள்ளே போனதும் இதைச் சொல்லுங்கள்: “டாக்டர், ஏழு மாதத்துக்கு முன் போதைக் காளான், ஒரு மாதம் கழித்து பாதி ஸ்டாம்ப். அதற்கு மறுநாளிலிருந்து இந்தத் தொந்தரவு.” வேறு முன்னுரை வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டோபிராமேட், தூக்கத்துக்குத் தரும் டிரசோடோன் போன்ற சில மருந்துகளாலும் பிம்பம் வாலாக இழுபடுவதுண்டு.

யாரைப் பார்ப்பது? கண் பாப்பாவை விரித்து விழித்திரையைச் சோதிப்பது, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன், பார்வைப் பரப்புச் சோதனை, இவை மூன்றும் முடிந்திருந்தால் கண் டாக்டரிடம் மறுபடி அலைய வேண்டாம். அடுத்தது நரம்பியல் மருத்துவர். மூளையின் பின்பகுதியில் வரும் ஒருவகை வலிப்பும், ஒற்றைத் தலைவலியும் இதேபோல் காட்சி காட்டும். அவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும். எந்தப் போதையும் தொடாதவர்களுக்குக்கூட இந்தப் புள்ளி மழை வருவதுண்டு, அதற்கு விஷுவல் ஸ்நோ என்று தனிப் பெயர். அப்புறம் மனநல மருத்துவர். நீங்கள் இருப்பது பெங்களூரு. நிம்ஹான்ஸில் நரம்பியல், மனநலம், போதை மருத்துவம் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், பிறகு மாற்றி. இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் அநேகமாக மூளை சம்பந்தப்பட்டது. ஒரு கண்ணில் மட்டும் என்றால் கண் டாக்டரிடமே திரும்பப் போகவேண்டும். திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு ஓரத்தில் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றைக்கே ஓடுங்கள், அது விழித்திரை கிழிவதாக இருக்கலாம். நினைவு தப்பினாலும், யாரோ பேசுவது காதில் கேட்டாலும், யார் மேலாவது காரணமில்லாத சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்து? இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. வலிப்புக்குத் தரும் லாமோட்ரிஜின் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதைத் துளித் துளியாகத்தான் கூட்டவேண்டும், அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். குளோனாசெபாம் படபடப்போடு சேர்த்து இதையும் தணிக்கும், ஆனால் அதுவே இன்னொரு பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். மனச்சிதைவுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் சிலருக்கு இதை மோசமாக்கியதாகப் பதிவுகள் உண்டு. விஷயத்தை மறைத்து, ‘என்னென்னவோ தெரிகிறது’ என்று மட்டும் சொன்னால் அந்த மாத்திரையே உங்கள் கைக்கு வரக்கூடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள்.

மாத்திரையைவிட முக்கியமானது, இனி எதையும் தொடாமல் இருப்பது. ‘வெறும் கஞ்சாதானே’ என்று ஆரம்பிப்பவர்களுக்குத்தான் அடங்கியது திரும்பக் கிளம்புகிறது. இதில் நான் கறாராகத்தான் இருப்பேன். காபியைக் குறைத்துப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். கம்ப்யூட்டர் திரையின் பளீர் வெள்ளையை லேசான மஞ்சளாக மாற்றினால் எக்செல் கோடுகள் கொஞ்சம் அடங்கலாம். வளையம் தெரியும் கண்ணோடு இரவில் பைக் ஓட்டாதீர்கள், ஊருக்குப் போக பஸ் இருக்கிறது.

எப்போது சரியாகும் என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது. பலருக்கு மாதங்கள் போகப்போக மங்கிவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் அவர்களிலும் நிறையப் பேர் அதைக் கவனிக்காமல் வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்கிறார்கள். இரவில் பயம் நெஞ்சை அடைத்தால் 14416, அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் 14446.

அம்மாவைப் பற்றி ஒன்று. முழுக் கதையையும் எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் ‘கண் போகாது’ என்பதை மட்டும் இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டுதலை நிறுத்தச் சொல்லாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் தேதி வாங்கிய பிறகு, அடுத்த லீவில் நீங்களே அவரைச் சமயபுரம் கூட்டிப்போய் வாருங்கள்.