பத்தாவது முடித்த மகளை அமெரிக்க ஹைஸ்கூலில் சேர்க்கப் போகிறோம். எதற்குத் தயாராக வேண்டும்?

அப்பாவுக்கு எச்-1பி என்ற வேலை விசா கிடைத்துக் கோயம்புத்தூரிலிருந்து நியூஜெர்சிக்குப் போனபோது எனக்கும் உங்கள் மகளின் வயதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய கையோடு கிளம்பினோம். ஆங்கிலம் வருமா, தனியாகிவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் சில மாதங்களில் பழகிவிடும். நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது அவளை எந்த வகுப்பில், எந்தப் பாடங்களில் சேர்க்கிறார்கள் என்பதை.

நம் ஊரில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரி கிடைத்துவிடும். அங்கே ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரை நான்கு வருடம். நான்கு வருடத்து கிரேடுகளும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற ஒரே தாளில் ஏறும். கல்லூரிகள் அதைத்தான் பார்க்கும். இங்கே படித்த ஒன்பதாவது, பத்தாவது மதிப்பெண்களும் அதில் சேரலாம். நமக்கு 60 என்றால் முதல் வகுப்பு. அங்கே பல பள்ளிகளில் 90க்கு மேல் ஏ, 60க்குக் கீழே ஃபெயில். நம் பிள்ளை கஷ்டப்பட்டு வாங்கிய 78 அங்கே வெறும் சி ஆகிவிடும். அதனால் எத்தனை மதிப்பெண் இங்கே எந்த நிலை என்று விளக்கி, தலைமை ஆசிரியரிடம் பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் பெட்டியில் போடுங்கள். அங்கே ஜியாமெட்ரி ஒரு வருடம், அல்ஜீப்ரா 2 ஒரு வருடம், பிறகு பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. நம் பாடத்தில் எல்லாம் கலந்து வருவதால் எங்கே சேர்ப்பது என்று, பாடங்களை முடிவு செய்ய உதவும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலருக்குப் புரியாது. என்னை ஜியாமெட்ரியில் போட்டார்கள். அப்பா புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டிப் பொறுமையாகப் பேசிய பிறகு ஒரு தேர்வு வைத்து அல்ஜீப்ரா 2க்கு மாற்றினார்கள். அந்த ஒரு மாற்றத்தால்தான் பன்னிரண்டாவதில் கால்குலஸ் படிக்க முடிந்தது. பொறியியல் நினைப்பு இருக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வயதைப் பார்த்து மறுபடியும் பத்தாவதில் சேர்க்கிறோம் என்றால், ஒரு வருடம் வீணாகிறதே என்று மறுக்காதீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, அது நல்லதாகவே போயிற்று. நியூஜெர்சியில் ஹைஸ்கூல் டிப்ளமா வாங்க 120 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளிகள், வேண்டும், அமெரிக்க வரலாறு இரண்டு வருடம் படித்தாக வேண்டும். பன்னிரண்டாவது தொடங்கிய சில மாதங்களிலேயே கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுத நம்மைத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். பிளஸ் ஒன் முடித்த பிள்ளையைக் கடைசி ஒரு வருடத்துக்காகக் கூட்டிப் போவதைவிட இங்கேயே பிளஸ் டூ முடிக்க விடலாம் என்பது என் கருத்து.

சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று தயங்காமல் எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான். தடுப்பூசிச் சான்றுகள் எல்லாம் வேண்டும். காசநோய்ச் சோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோல் சோதனையில் பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு உண்டு.

உங்கள் மகள் எச்-4 விசாவில்தான், அதாவது எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில்தான் போவாள் என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனால் கூடப் படிப்பவர்கள் கோடையில் கடைகளில் வேலைக்குப் போகும்போது அவளால் போக முடியாது. கல்லூரிக்கான அமெரிக்க மத்திய அரசு உதவித்தொகை கிடையாது. 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும், அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். விமானம் ஏறும் முன்பே இதை அவளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பன்னிரண்டாவதில் திடீரென்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும். உடைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தனிமை. அது உண்மைதான். இங்கே ஒரே செக்‌ஷன் பிள்ளைகள் நாள் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், நட்பு தானாக வந்துவிடும். அங்கே ஒவ்வொரு பீரியடுக்கும் மாணவர்கள்தான் அறை மாறுவார்கள், முகங்களும் மாறிக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதுதான் முதல் மாதங்களின் பெரிய கஷ்டம். எனக்கு அதைத் தீர்த்து வைத்தது கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணி. நிறையப் பள்ளிகளில் அந்த அணிக்கு ஆளை வடிகட்டுவதில்லை, வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள். பயிற்சியும் பள்ளி திறக்கும் முன்பே ஆகஸ்டில் தொடங்கிவிடும். முதல் நாள் போகும்போதே நான்கு பேரைத் தெரிந்திருக்கும். ஓட்டம் பிடிக்காவிட்டால் பேண்டு, நாடகம், ரோபோட்டிக்ஸ் என்று ஏதாவது ஒன்றில் முதல் வாரமே சேரச் சொல்லுங்கள். விளையாட்டு அணி என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் கேட்பார்கள். தடுப்பூசி விஷயமாக அங்கே டாக்டரிடம் போகும்போதே அதையும் வாங்கி வந்துவிடுங்கள்.