எல்டிஎல் 78-க்கு இறங்கிய பிறகும் அடைப்பு ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயது. தக்கலைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 172 இருந்தது. அன்று முதல் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன்; இப்போது 78. ஆனாலும் சி.டி. ஆஞ்சியோ என்ற ஸ்கேனில் இதயத்தின் ஓர் இரத்தக்குழாயில் 40 சதவீத அடைப்பு என்கிறார்கள். ஸ்டென்ட் வேண்டாமாம். கொழுப்புதான் குறைந்துவிட்டதே, அடைப்பு எப்படி வந்தது? மாத்திரையை நிறுத்தலாமா? தேங்காயெண்ணெயையும் விட வேண்டுமா? என் அப்பா 50 வயதில் மாரடைப்பில் இறந்தவர்.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

78 என்பது இரத்தம் எடுத்த அன்றைய நிலவரம். அடைப்போ பல வருஷக் கணக்கு. 172 என்று தெரியவருவதற்கு முன்பே எத்தனை காலம் அந்த அளவில் ஓடியதோ! அப்போது சேர்ந்ததுதான் இப்போது படத்தில் தெரிகிறது.

கொழுப்பு குழாயின் உள்பக்கத்தில் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உப்பி நிற்குமே, ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. எல்டிஎல் துகள்கள் உள்தோலைத் தாண்டி சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. குழாய் கிளை பிரியும் இடங்களில் இது அதிகம். அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் நிறைந்து அங்கேயே மடிகின்றன. உள்ளே கொழுப்புக் குழம்பு, மேலே நார்த்திசுவாலான ஒரு மூடி. அந்த மூடி மெலிந்து கிழிந்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயே மூடிவிடலாம். மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். 40 சதவீத அடைப்பும் கிழியும். டிரெட்மில்லில் நடக்கவிட்டு இ.சி.ஜி. பார்க்கும் டி.எம்.டி. சோதனை பெரும்பாலும் 70 சதவீதத்தை ஒட்டிய அடைப்பைத்தான் காட்டிக்கொடுக்கும். அது 'நார்மல்' என்று வந்தாலும் நிம்மதியாகப் பிரியாணிக்குப் போய்விட முடியாது.

மாத்திரை பழைய அடைப்பைக் கழுவித் துடைப்பதில்லை. எல்டிஎல் நன்றாக இறங்கினால் குழம்பு கொஞ்சம் வற்றும், மூடி தடிக்கும், சுண்ணாம்பு படிந்து இறுகும். இதனாலேயே ஸ்டாட்டின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் ஸ்கோர் (குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை ஸ்கேனில் அளந்து சொல்லும் எண்) சற்று ஏறுவதுண்டு. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை விட்டவர்களும் உண்டு. அந்த ஸ்கேனை வருஷா வருஷம் எடுப்பது வீண் செலவு.

இன்னொன்று: லேப் ரிப்போர்ட்டில் '100-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருப்பது எல்லோருக்கும் பொதுவானது. அடைப்பு தெரிந்துவிட்ட உங்களுக்கு 70-க்குக் கீழே வேண்டும். 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே 78 போதாது. டோஸைக் கூட்டுவதா, கொழுப்பைக் குறைக்கும் எஸெட்டிமைப் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி இரத்தம் பாருங்கள். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு வழி இருக்கிறது.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றும். நல்ல கொழுப்பையும் ஏற்றுமே என்று நம்மூரில் வாதாடுவார்கள். ஆனால் அதனால் மாரடைப்பு குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவியலில் கடைசியாகச் சுற்றி விடும் ஒரு ஸ்பூனுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். தினசரித் தாளிப்புக்கும் பொரிப்புக்கும் எண்ணெயை மாற்றுங்கள். சாளை (மத்தி) மீனைக் கறி வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். பொரித்தால்தான் கணக்கு மாறும். மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் தட்டு நிறையப் போனால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பும் ஏறும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள்.

தோட்டத்து ஏற்றம் ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்து, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள், பைக்கையும் எடுக்காதீர்கள்.

அப்பா 50 வயதில் போனார் என்கிறீர்கள். அதனால் எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற சோதனையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளுங்கள். அது பரம்பரையாக வருவது, ஆயுள் முழுக்க அதிகம் மாறாது. பிள்ளைகளுக்கு 20 வயது ஆகியிருந்தால் அவர்களுக்கும் லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) சோதனை பார்த்துவிடுங்கள்.