ஜெர்மனி போகணுமா, முதல்ல பீரோவைத் திறங்க

கேள்வி: அண்ணே, நான் திருமங்கலம் பக்கம், மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்க ஃபீஸே கிடையாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாய்ங்க. ஆனா மதுரைல ஒரு கன்சல்டன்சில கேட்டா ஒன்றரை லட்சம் கட்டுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ங்கிறாங்க. கட்டலாமா?

பதில்: இப்ப கட்டாதீங்க தம்பி. ஃபீஸ் இல்லங்கிறது முக்கால்வாசி உண்மை. அரசு யுனிவர்சிட்டில பல இடத்துல டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்குன்னு ஒரு சின்னத் தொகைதான். ஆனா மெக்கானிக்கல்காரங்க மொதல்ல கண்ணு வைக்கிற ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே எல்லாம் இருக்கிறது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல, அங்க நம்மள மாதிரி வெளிய இருந்து போறவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டர்ல இருந்து புதுசா சேர்றவங்ககிட்ட வாங்குறாங்க.

ஃபீஸ் இல்லாட்டியும் விசாவுக்குக் காசு காட்டணும். பிளாக்டு அக்கவுண்ட்னு, மொத்தமா எடுக்க முடியாத ஒரு கணக்குல ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ போட்டு வைக்கணும், நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல போயிரும், அதுவும் உங்க காசுதான், அங்க போனப்புறம் மாசம் 992 யூரோன்னு உங்களுக்கே திரும்ப வரும். இத நிறைய பேர் ஃபீஸுன்னு நெனச்சு பயந்துக்கிறாங்க. அடுத்து ஏபிஎஸ் சர்டிஃபிகேட், நம்ம மார்க் ஷீட்டெல்லாம் உண்மையான்னு டெல்லில பாத்துக் குடுக்கிறது, 2022 நவம்பர்ல இருந்து இது இல்லாம ஸ்டூடண்ட் விசா கெடையாது, 18,000 ரூபா ஆகும். அப்ளிகேஷன் நிறைய யுனிவர்சிட்டிக்கு யூனி-அசிஸ்ட் வழியாத்தான், யுனிவர்சிட்டிகளுக்காக வெளிநாட்டு மாணவர்களோட அப்ளிகேஷனை வாங்கிப் பாக்கிற அமைப்பு அது, முதல் அப்ளிகேஷன் 75 யூரோ, அதே செமஸ்டர்ல அடுத்தடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30. அக்டோபர்ல சேர பல இடத்துல ஜூலை 15 கடைசி, சிலது மே மாசமே மூடிரும். இதுல எதுக்கு ஒன்றரை லட்சம்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. ஃப்ரீயாவே பண்றோம்னு சொல்ற இடமும் இருக்கு, அவங்க எந்தக் காலேஜைக் காட்டுறாங்கன்னு கவனிங்க, பெரும்பாலும் கமிஷன் குடுக்கிற பிரைவேட் காலேஜா இருக்கும்.

கேள்வி: அண்ணே, உசிலம்பட்டில இருந்து எழுதுறேன். மக மேல்படிப்புக்கு வெளிநாடு போகணும்ங்கிறா. மார்க் ஷீட்ல அவ பேருக்கு முன்னாடி வெறும் இனிஷியல் இருக்கு, பாஸ்போர்ட்ல அவுக அப்பா பேரு முழுசா வந்திருக்கு. படிப்புக் கடனுக்கு பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேக்குறாங்க, வீடு இன்னும் என் மாமனார் பேர்லயே கெடக்கு, அவரு தவறி நாலு வருஷமாச்சு. எத மொதல்ல பண்ண?

பதில்: வீட்டை மொதல்ல பாருங்கம்மா, அதுதான் இழுக்கும். பேரு விஷயம் நம்மூர்ல எல்லாருக்கும் இருக்கிற தலைவலி, பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சுத்தான் எழுதுவாங்க. இந்த ரெண்டு பேர்லயும் இருக்கிறது ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கி வைங்க, ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை, அப்ளிகேஷன், டிக்கெட்னு இனிமே எங்க எழுதினாலும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்க, அப்பா பேரை ஒரு இடத்துல முன்னாடி ஒரு இடத்துல பின்னாடின்னு போட்டா அப்புறம் ஒவ்வொருத்தனுக்கா விளக்கிக்கிட்டே இருக்கணும். ஐஇஎல்டிஎஸ் ரெண்டு வருஷந்தான் செல்லும், அதனால அவசரப்பட்டு முன்கூட்டியே எழுத வேணாம்.

வீட்டுக்கு வருவோம். 7.5 லட்சம் வரைக்கும் பெரும்பாலும் அடமானம் இல்லாம குடுப்பாங்க, அதுக்கு மேலன்னா பெரும்பாலும் வீடு, நிலம்தான். சில பேங்க் பெரிய யுனிவர்சிட்டியா இருந்தா அடமானமே கேக்குறதில்ல, அதையும் விசாரிங்க. மாமனார் பேர்ல இருக்கிற வீட்டை அப்படியே வச்சுக் கடன் வாங்க முடியாது. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ், மாமியார் இருந்தா அவங்களும் நாத்தனார்களும் சம்மதிச்சா அவங்க பங்கை விட்டுக்குடுக்கிற விடுதலைப் பத்திரம், அப்புறம் உங்க வீட்டுக்காரர் பேருக்குப் பட்டா மாத்தி, வில்லங்கச் சான்று எடுத்து, அதுக்கும் மேல பேங்க் வக்கீல் மூலப்பத்திரம் எங்கன்னு கேப்பாரு. நாத்தனார் கையெழுத்து போடுறேன்னு சொன்னாலும் ஆடி பொறந்துட்டா ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் வரமாட்டாங்க, அதையும் கணக்குல வைங்க. மகளுக்கு இடம் கெடச்சப்புறம் இத ஆரம்பிச்சா கண்டிப்பா ஒரு செமஸ்டர் போயிரும். கடன்ல படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், முடிஞ்சா அந்த வட்டிய மட்டுமாவது கட்டிக்கிட்டே வாங்க.

கேள்வி: அண்ணே, தம்பி அடுத்த மாசம் ஜெர்மனி கெளம்புறான். நெய்யி, கறிவேப்பிலை, ஊறுகாய் எல்லாம் குடுத்து விடலாமா? (செல்லூர் வாசகி)

பதில்: நெய் முடியாதும்மா. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ள வெளிய இருந்து பால் சாமான், கறி எதுவும் கொண்டுபோகக் கூடாது, பால்கோவாவுக்கும் அதே கதிதான். பச்சைக் கறிவேப்பிலைக்கு சர்டிஃபிகேட் வேணும், மல்லியப்பூவும் அப்படித்தான், அதனால இலையக் காயவச்சுப் பொடியா அரைச்சுக் குடுங்க. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி தாராளமா. ஊறுகாய் சரி, ஆனா செக்-இன் பெட்டில வைங்க, கைப்பைல வச்சா ஏர்போர்ட்லயே புடுங்கிப் போட்டுருவாய்ங்க.