ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரியில் எந்தப் பூங்கா, எந்த விழா பார்க்கலாம்?

வயதான அப்பா அம்மாவோடு மூன்று நான்கு நாள் நீலகிரி போகிறோம், பூங்காக்களோடு உள்ளூர்த் திருவிழாவும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூர்க்காரன் என்ற முறையில் என் பதில்: தேதி உங்கள் கையில் இருந்தால், மே மாதத்தை விட்டுவிட்டுச் சித்திரைப் பிறப்பை ஒட்டி வாருங்கள்.

காரணம், ஊட்டி மாரியம்மன் கோயில் தேர். சந்தைக்கடை மாரியம்மன் என்போம். மாரியும் காளியும் ஒரே கருவறையில் இருக்கிறார்கள். பங்குனியிலேயே விழா தொடங்கிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாரின் உபயம். மலையாளிகள் நாள் என்றால் செண்டை மேளம், படுகர் நாள் என்றால் வெள்ளை உடுத்தி அவர்களின் ஆட்டம். கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் மலையேறி வந்தவர்களால் ஆன ஊர் இது என்பது அந்த ஊர்வலங்களைப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் வரும் ஒரு செவ்வாய்க்கிழமை தேரோட்டம். வேண்டிக்கொண்டவர்கள் தேர் மீது உப்பை வாரி வீசுவார்கள். தேர் போன பிறகு தெருவில் கால் வைத்தால் கல்லுப்பு நறநறக்கும். செருப்பு மாட்டிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். முன்வரிசைக்குப் போனால் கண்ணில் உப்பு விழும்.

அதே சமயத்தில் பங்களா ஓரங்களிலும் மலைப்பாதையிலும் ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். அதற்கு நுழைவுச்சீட்டும் கிடையாது.

மே மாதம்தான் முடியும் என்றால், அது கோடை விழாக் காலம். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. பூங்கா அதைவிட மூத்தது, 1848இல் மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கியது. கண்காட்சி நாளில் கார்னேஷன் பூக்களால் கட்டிய கோபுரத்தின் முன் செல்ஃபி எடுக்கவே அரை மணி நேரம் நெரிசலில் நிற்க வேண்டும். மலர் மாடத்துப் படிகளில் அடுக்கிய தொட்டிகள் கண்காட்சி முடிந்த மறுநாளே வாடிவிடப் போவதில்லை. அடுத்த வாரம், வேலை நாளில், காலை கதவு திறந்ததும் போய்விடுங்கள். தோட்டப் பணியாளர்கள் மேல் படியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இறங்குவார்கள். டேலியாவின் அளவைக் கிட்டப் போய்ப் பார்க்க அதுதான் நேரம். கால் தாங்கினால் புல்வெளிக்கு மேலே ஏறுங்கள், தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருக்கிறது. வீட்டு வாசல் அது, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

ரோஜா பூங்கா 1995இல், மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி வந்தது. அழகுதான், ஆனால் அடுக்கடுக்காக இறங்கும் சரிவு. முழங்கால் வலி உள்ளவர்களை மேல் தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர்ப் பாசம் என்றாலும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது குன்னூர் சிம்ஸ் பூங்கா. 1874இல் உருவானது. இருந்த பள்ளத்தாக்கை மட்டப்படுத்தாமல் அப்படியே பூங்காவாக்கியிருக்கிறார்கள். ருத்ராட்ச மரம் ஒன்று நிற்கிறது, காலடியில் காய் தேடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். மே கடைசியில் இங்கே பழக் கண்காட்சி. பழத்தில் செய்த யானையையும் மயிலையும் முதல் நாளே பாருங்கள். மூன்றாம் நாள் ஈயும் தேனீயும் நமக்கு முந்திக்கொள்ளும். வெளியே பிளம்ஸ் விற்பார்கள், பேரம் பேசலாம்.

கூடலூர் வாசனைத் திரவியக் கண்காட்சிக்காக மட்டும் ஊட்டியிலிருந்து வண்டியை விடுவது வீண் அலைச்சல். முதுமலை வழியாகத் திரும்புகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் (நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்காமல் கிளம்பாதீர்கள். 2024 மே முதல் நடைமுறை. அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டுப் பாட்டில் எடுத்து வாருங்கள். சீசனில் பெரும்பாலும் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். எப்படியும் கோத்தகிரி வழியாகத்தான் இறங்கப் போகிறீர்கள், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்தால் நிறுத்திப் பாருங்கள். சின்னப் பூங்கா, அப்பா அம்மா சிரமமில்லாமல் முழுவதும் நடந்துவிடுவார்கள்.