அக்கா பதில்கள்: ஃபேக்டரி கேட்டுக்குள்ளே ஓட்டு உண்டா?

நியூயார்க்கில் ஸோரான் மம்தானி 2025 நவம்பரில் மேயர் தேர்தலில் ஜெயித்தாலும் ஜெயித்தார், நம்ம பெங்களூரில் அல்சூரிலிருந்து ராமமூர்த்தி நகர் வரை எல்லாரும் எனக்கு சோஷலிசம் பற்றியே எழுதுகிறீர்கள். சரி, இந்த முறை அதையே பார்த்துவிடுவோம். வடகம், வாடகை, மருமகள் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.

மம்தானி தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்கிறார். கம்யூனிஸ்டுகளிலிருந்து இவர்கள் எப்படி வேறு? இது முதலாளித்துவத்துக்கு மாற்றா, இல்லை அதன் காயத்துக்குப் போடுகிற மருந்தா?
– கல்லூரி மாணவர், கே.ஆர்.புரம்

தம்பி, முதல் பாதி சுலபம். ஜனநாயக சோஷலிஸ்ட் என்றால் ஓட்டு வாங்கித்தான் ஆட்சிக்கு வர வேண்டும், ஓட்டு போய்விட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்க்கட்சியும் பத்திரிகையும் யூனியனும் பயமில்லாமல் பேச வேண்டும். இங்கிலாந்தில் தொழிற்கட்சித் தலைவர் அட்லி 1945இல் ஜெயித்தார். நிலக்கரிச் சுரங்கங்களையும் ரயிலையும் அரசுடைமை ஆக்கினார். 1948 ஜூலை 5 அன்று எல்லாருக்குமான மருத்துவச் சேவையைத் தொடங்கினார். 1951இல் தோற்றார், போய்விட்டார். அடுத்து வந்த சர்ச்சில் அந்த மருத்துவச் சேவையை மூடவில்லை. சிலியில் சோஷலிஸ்ட் அயெந்தேவும் 1970இல் தேர்தலில் ஜெயித்துத்தான் வந்தார். 1973 செப்டம்பர் 11 அன்று அவரைக் கவிழ்த்தது ராணுவம். ஓட்டை மதிக்காதவர்கள் இடதுசாரிகள் மட்டும்தான் என்று உன் நண்பர்கள் யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்து.

இரண்டாம் பாதியில்தான் தகராறு. கம்பெனி முதலாளியிடமே இருக்கட்டும், லாபத்துக்கு வரி போட்டு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பென்ஷன் நடத்துவோம் என்பது ஒரு வழி. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959இல் கோடெஸ்பெர்க் மாநாட்டில், முடிந்தவரை போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்று எழுதிக்கொண்டது. ஸ்வீடனில் அதே மாதிரிக் கட்சி 1932லிருந்து 1976 வரை, சின்ன இடைவெளி தவிர, ஆட்சியில் இருந்தது. அங்கேயும் பெரிய கம்பெனிகள் வாலன்பெர்க் போன்ற குடும்பங்களின் பிடியில்தான் இருந்தன. நீ சொல்கிற மருந்து இதுதான். நல்ல மருந்து, நான் குறை சொல்ல மாட்டேன். மாற்று என்று கேட்டால், கம்பெனிக்குள்ளே முடிவெடுக்கிற நாற்காலியில் யார் உட்காருவது என்பதிலும் கை வைக்க வேண்டும். மம்தானி சொன்னது நகரப் பேருந்தில் இலவசம், கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்கு வாடகை ஏறாமல் நிறுத்துவது, மாநகராட்சியே நடத்தும் சில மளிகைக் கடைகள். இதில் முதலாளித்துவம் எங்கே ஒழிகிறது என்று கேட்டால், ஒழியவில்லை. மேயர் பதவிக்கு அவ்வளவு அதிகாரமும் கிடையாது.

நீங்கள் பப்ளிக் செக்டரில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, அதனால்தான் ஒவ்வொன்றாக மூடினார்கள், அதுதான் சோஷலிசம் என்கிறார் என் வீட்டுக்காரர். பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, ஜீவன் பீமா நகர்

வீட்டுக்காரர் பேசட்டும் அம்மா, நீங்கள் சாப்பாட்டை லேட்டாக வையுங்கள்.

இந்த ஊரை உண்டாக்கியதில் பாதிப் பங்கு அந்த ஆலைகளுக்கு. விமானத்துக்கு ஹெச்.ஏ.எல். 1940, டெலிபோனுக்கு ஐ.டி.ஐ. 1948, மெஷினுக்கும் பிறகு வாட்சுக்கும் ஹெச்.எம்.டி. 1953, எலெக்ட்ரானிக்ஸுக்கு பி.இ.எல். 1954. என் அப்பா பின்னி மில்லில் நூல் தூசியைத் தின்று இருமியவர். அவருடைய பெண் ஒரு பொதுத்துறை ஆலையில் வெள்ளை கோட்டு போட்டு, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து சால்டரிங் பிடித்தாள். குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ், டிஸ்பென்சரி, மூணு ஷிப்டுக்கும் கேன்டீன். பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் என் சீட் என் சீட்தான். என் தெருவில் முதல் தடவையாகக் காலேஜுக்குப் போன பிள்ளைகள் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். வேலை செய்யாத ஆட்கள் இருந்தார்களா? இருந்தார்கள். ரம்மி ஆடினவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன், பார்ட்ஸ் வராது, ஆர்டர் வராது, டெல்லியில் ஃபைல் நகராது.

என் மனக்குறை வேறே. பெயர் மக்களுடைய ஆலை. ஆனால் என்ன செய்யப்போகிறோம், எந்த மெஷின் வாங்கப்போகிறோம் என்று எங்களை ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. தொழிலாளர் பங்கேற்புக் கமிட்டி ஒன்று இருந்தது. அதில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கேன்டீன் சாம்பாரில் பருப்பு போதவில்லை, ஷூ சைஸ் சரியில்லை, டாய்லெட்டில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். புது டெக்னாலஜி வருகிறது, நம்ம சரக்கு விற்காது என்று லைனில் இருந்த பெண்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல அஜெண்டாவில் இடமில்லை. அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன், தனி வாசல். அப்பா மில்லில் பார்த்த துரை இங்கே ஐ.ஏ.எஸ். ஆக வந்தார், அவ்வளவுதான். 1980 டிசம்பர் கடைசியில் பெங்களூர் பொதுத்துறை ஆலைகள் வேலைநிறுத்தத்தில் இறங்கி 77 நாள் நின்றதே, அது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அரசாங்கமே முதலாளியானால் தகராறே வராது என்று நம்பினவர்களுக்கு அதுதான் பதில்.

அப்புறம், தனியார் வந்து ஜெயித்தார்கள் என்பார் உங்கள் வீட்டுக்காரர். ஹெச்.எம்.டி. வாட்சை டைட்டன் ஓட்டிவிட்டது என்று உதாரணம் காட்டுவார். ஹெச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது உண்மை. அப்போது நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள்: டைட்டனில் மிகப் பெரிய பங்கு யாரிடம்? டாடா என்பார். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ வைத்திருப்பது கிட்டத்தட்ட 28 சதவீதம், டாடா குழுமத்தைவிடக் கூடுதல். 1984இல் இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. வாட்ச் ஃபேக்டரி போட்டது நம்ம ஓசூரில். அரசுப் பணம் என்றாலே தோற்கும் என்பது கதை. டிட்கோ பணம் போட்டது, டிசைன் என்ன, விலை என்ன என்று செக்ரட்டேரியட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை. அதனால் ஓசூர்த் தொழிலாளி முடிவெடுத்தார் என்றும் அர்த்தமில்லை. அங்கேயும் அவர் வெளியேதான். லாபம் வந்தது, அது வேறு விஷயம்.

கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம். இது சோஷலிசமா, ஓட்டுக்கு லஞ்சமா? என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், விவேக் நகர்

அண்ணா, உங்கள் நஷ்டத்தை நான் மறுக்க மாட்டேன். 2023 ஜூன் 11க்கு அப்புறம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஷேர் ஆட்டோவை விட்டு பஸ்ஸுக்கு மாறினார்கள். அவர்கள் கையில் மாசாமாசம் மிச்சமாகிற அந்தப் பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் கொஞ்சம் போனது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பஸ் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் ஒரு அரசு நினைத்த மாத்திரத்தில் இதைச் செய்ய முடிந்தது. லஞ்சம் என்று சொல்வதானால் கார்பொரேட் வரியைக் குறைப்பதையும் அப்படியே சொல்லிப் பழகுவோம். உங்களுக்கு நஷ்ட ஈடு மாதிரி ஏதாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை, அது தப்பு.

உங்கள் வண்டிக்கே வருகிறேன். ஆப் கம்பெனிகள் சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடித்தபோது, உங்கள் யூனியன்காரர்கள் ஆதரவோடு 2022இல் நம்ம யாத்ரி என்ற ஆப் வந்ததே, கமிஷன் கிடையாது என்று. பெரிய ஆப் கம்பெனிகளே அதற்குப் பிறகு அந்த வழிக்கு வந்தார்கள். பெண்களுக்குக் கொடுத்தால் லஞ்சம், உங்களுக்குக் கிடைத்தால் நியாயமா?

நான் உழைத்துச் சம்பாதிக்கிறேன், முப்பது சதவீதம் வரி கட்டுகிறேன். அதைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பதற்குப் பெயர்தானே சோஷலிசம்?
– பெயர் வேண்டாம் என்றவர், எலெக்ட்ரானிக் சிட்டி

வரி மட்டுமா கட்டுகிறீர்கள்? ஸ்கூல் பீஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஜெனரேட்டர் டீசல், செக்யூரிட்டி, அப்புறம் தண்ணி டேங்கர். உங்கள் அப்பார்ட்மெண்ட் மெயின்டெனன்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள், அது இரண்டாவது வரி. 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர்காரர்கள் கேட்டதுதான் விலை என்றானபோது, மார்ச்சில் அரசு தலையிட்டு 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அப்போது உங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் சந்தைச் சுதந்திரம் பற்றி யாராவது பேசினார்களா சார்?

காவிரி இந்த ஊருக்கு வருவது சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மேட்டுக்கு பம்ப் பண்ணி. 1974லிருந்து கட்டம் கட்டமாகச் செய்தது பொது நிர்வாகம். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் திறந்தது. இத்தனை வருஷம் அங்கே வீடு கட்டி விற்றவர்களுக்கு லாபம் வந்துவிட்டது, தண்ணீர் மட்டும் வரவில்லை. குழாய் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் ஒற்றை ரூமுக்கும் உங்கள் பன்னிரண்டாம் மாடிக்கும் ஒரே தண்ணீர். வியன்னாவில் வீட்டுக்கே இப்படிச் செய்திருக்கிறார்கள். 1920களில் தொடங்கி மாநகராட்சி கட்டிய வீடுகள் இன்று சுமார் 2,20,000. அங்கே உங்களை மாதிரிச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள்.

எமர்ஜென்சியில் சோஷலிசம் பேசினவர்கள்தானே ஜனநாயகத்தைப் பூட்டினார்கள்? இரண்டும் ஒரே வண்டியில் எப்படி ஓடும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ப்ரேசர் டவுன்

நல்ல கேள்வி சார், ஆனால் அப்போது உள்ளே இருந்தது யார் என்றும் பாருங்கள். இன்று நாம் போராட்டம் நடத்தப் போகிற ஃபிரீடம் பார்க்தான் அன்றைய சென்ட்ரல் ஜெயில். அங்கே வாஜ்பாயி, அத்வானியோடு சோஷலிஸ்ட் மது தண்டவதேவும் இருந்தார். சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவைப் பின்பற்றிய நடிகை சினேகலதா ரெட்டி ஆஸ்துமாவோடு அங்கே கிடந்து, 1977 ஜனவரியில் வெளியே விட்ட சில நாளில் செத்துப்போனார். சோஷலிசத்தின் பெயரில் ஆட்சி, சோஷலிஸ்டுகள் ஜெயிலில்.

அந்தக் காலத்தில்தான், 1976இல், 42ஆவது திருத்தத்தில் ஒரு விஷயம் அரசியல் சட்டத்துக்குள் வந்தது: பிரிவு 43ஏ. தொழிற்சாலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டு நெறி. எங்களுக்குக் கிடைத்தது சாம்பார்க் கமிட்டி. அதே 1976இல் ஜெர்மனியில் வந்தது சட்டம். 2,000 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுக்கு. சமமாக ஓட்டு விழுந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, அவர் பெரும்பாலும் பங்குதாரர் பக்கம். அதனால் அதுவும் முழுசு இல்லை. ஆனால் கணக்குப் புத்தகம் அவர்கள் கண்ணுக்கு வருகிறதே.

தொழிலாளர்களே முதலாளிகளாக நடத்தி ஜெயித்த இடம் ஏதாவது உண்டா?
– வாசகி, ஸ்ரீராம்புரம்

சர்ச் ஸ்ட்ரீட் இந்தியன் காபி ஹவுஸில் போய் ஒரு காபி குடியுங்கள். காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில்தான் பிறந்தது. கேரளத்தில் வடகரைக்காரர்களின் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1925லிருந்து இருக்கிறது, ரோடும் பாலமும் போடுகிறது. ஸ்பெயினில் 1956இல் தொடங்கிய மோன்ட்ராகான் என்ற தொழிலாளர் கூட்டுறவு பல பத்தாயிரம் பேருக்கு வேலை தருகிறது, ஆனால் அதன் வீட்டுச் சாதனக் கம்பெனி ஃபாகோர் 2013இல் திவாலானது. ஓட்டுரிமை இருந்தால் வாஷிங் மெஷின் விற்கும் என்று யாரும் கேரண்டி தரவில்லை.

அக்கா, நேர்மையாகச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் ஷேர் மார்க்கெட்டில் பணம் போட்டிருக்கிறீர்களா?
– குறும்புக்கார வாசகர், தாசரஹள்ளி

போட்டிருக்கிறோம், எங்களைக் கேட்காமலே. என் மருமகள் பீன்யாவில் கார்மெண்ட்ஸ் வேலை. 2015 ஆகஸ்டிலிருந்து பி.எஃப். நிறுவனம் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை ஃபண்டுகளில் போடுகிறது. முதலில் 5 சதவீதம், பிறகு 15 ஆனது. ஆக, அவளும் ஒரு துளி முதலாளி. அந்த பி.எஃப். பணத்தை எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டபோது, 2016 ஏப்ரலில் தலைவர் யாரும் கூப்பிடாமலே கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டிலும் தும்கூர் ரோட்டிலும் இறங்கினார்கள், இரண்டே நாளில் உத்தரவு வாபஸ்.

ஸ்வீடனில் ருடால்ஃப் மெய்ட்னர் என்ற யூனியன் பொருளாதார நிபுணர் 1975இல் ஒரு யோசனை வைத்தார். லாபத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் ஷேராக மாற்றித் தொழிலாளர் நிதிக்குக் கொடு, ஓட்டும் அவர்களுக்கே. முதலாளிகள் 1983இல் ஸ்டாக்ஹோமில் ஊர்வலமே போனார்கள், வந்த சட்டம் இளைத்துப்போய் வந்தது, 1991இல் ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டார்கள். அங்கே சண்டை போட்டுத் தோற்ற அந்தப் பாதி விஷயம் இங்கே சண்டையே இல்லாமல் வந்துவிட்டது: பணம் தொழிலாளியுடையது, ஷேரும் இருக்கிறது. அந்த ஷேருக்கான ஓட்டை ஃபண்டு கம்பெனி போடுகிறது. எப்படிப் போட்டீர்கள், அந்தக் கம்பெனிகள் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா என்று பார்த்துப் போட்டீர்களா என்று பி.எஃப். ஆபீஸுக்கு மருமகள் எழுதுவதாக இருக்கிறாள். நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.