ஒன்லைனில் வாங்கிய ரயர் சைக்கிளுக்கு ஏறவில்லை: யார் பொறுப்பு?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிற லேடீஸ் சைக்கிளுக்கு, பேஸ்புக்கில் வியாபாரம் செய்யும் ஒரு கொழும்புக் கடையில் இரண்டு ரயரும் ஒரு பிறீவீலும் (பின்சில்லில் சங்கிலி ஓடும் பல்சக்கரம்) ஓடர் பண்ணினேன். மாங்குளத்துக் கடையைவிட ரயர் ஒன்றுக்கு 600 ரூபா குறைவு. விளம்பரத்தில் ‘26 அங்குலம், லேடீஸ் சைக்கிளுக்குப் பொருந்தும்’ என்று போட்டிருந்தார்கள். கூரியர்காரரிடம் முழுக் காசையும் கொடுத்த பிறகுதான் பொதியைப் பிரிக்க விட்டார். ரயர் றிம்மில் ஏறவே இல்லை. ‘பொதியைப் பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம்’ என்கிறார்கள். பிறீவீலை மாங்குளத்துக் கடைக்கார அண்ணை பூட்டித் தந்தார். ஒரு மாதம் ஓடிய பிறகு அது வழுக்குகிறது. ‘நீங்கள் கொண்டுவந்த சாமானுக்கு நான் பொறுப்பில்லை’ என்கிறார் அவர். யாரிடம் கேட்பது? இனி எங்கே வாங்குவது?

பதில்:

சகோதரி, ரயர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். பிறீவீல் விஷயம் அவ்வளவு லேசில்லை. இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் கலந்து எழுதிவிடாதீர்கள். பலமான பகுதியைப் பலவீனமான பகுதி இழுத்து விழுத்திவிடும்.

முதலில் அந்த ரயரைக் கையில் எடுத்து அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். ரப்பரிலேயே எண்கள் புடைப்பாக இருக்கும். லேடீஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும் ரயர் 26 × 1⅜. அதில் 37-590 என்று இன்னொரு எண்ணும் இருக்கும். மவுண்டன் சைக்கிள் ரயரும் 26 அங்குலம்தான், ஆனால் அதில் 47-559, 50-559 என்று ஏதாவது இருக்கும். இந்த 590, 559 என்பவை றிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். 31 மில்லிமீற்றர் வித்தியாசம். எந்த மனிதர் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. உங்களுக்கு வந்தது 559 என்றால் விளம்பரத்தின் ‘26 அங்குலம்’ பொய்யில்லை, ‘லேடீஸ் சைக்கிளுக்குப் பொருந்தும்’ என்பதுதான் பொய். அந்த எண் தெரியும்படி ஒரு படமும், உங்கள் றிம்மில் இருந்த பழைய ரயரின் எண்ணை இன்னொரு படமும் எடுத்து வையுங்கள். இந்த இரண்டு படங்களும்தான் உங்களின் முதல் சாட்சி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் பொருள் விற்பனைக்கு இன்றும் அடிப்படை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஒரு பொருளை விவரித்து விற்றால், வருகிற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கிய நிபந்தனை. விற்பவர் அதை வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘பிரித்தால் எடுக்கமாட்டோம்’ என்ற வார்த்தையைக் காசு வாங்கிய பிறகு சொன்னார்கள் என்றால், அது ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல. ஓடர் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே இணங்கிக்கொண்ட நிபந்தனைக்கு அந்தக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது, எனவே அதைச் சொல்லி வாதாடப் பார்ப்பார்கள்.

கூரியர்காரரிடம் காசு கொடுத்ததால் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டேனோ என்று பயப்பட வேண்டாம். முன்பு பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது. றிம்மில் வைத்துப் பார்த்தது சோதனைதான். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்லாமல் மாதக்கணக்கில் வீட்டு மூலையில் போட்டு வைத்தால், ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். ஆகவே இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ‘விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததால் இந்த இரண்டு ரயர்களையும் நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்.’ திருப்பி அனுப்பும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிராகரித்ததை அறிவித்தாலே போதும், பொருளைத் திருப்பி அனுப்பிவைக்கும் கடமை உங்களுக்கு இல்லை. பழுதாக்காமல் வைத்திருங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும்.

வாட்ஸ்அப் செய்தி செல்லுமா என்று கேட்பவர்கள் அதிகம். செல்லும். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தத்தையும் செய்தியையும், அது மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்கு முன்பு படம்பிடித்து வையுங்கள்.

இதில் எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. பேஸ்புக் பக்கத்துக்கு முகவரி இருக்காது. ஆளைத் தெரியாமல் முறைப்பாடு கொடுத்து என்ன செய்வது? பொதியில் ஒட்டியிருந்த கூரியர் துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அனுப்பியவர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். பலர் பொதியோடு சேர்த்து அதையும் எரித்துவிடுகிறார்கள். அதைத் தொலைத்திருந்தால், கூரியர் நிறுவனத்தின் கிளையில் பொதி இலக்கத்தைச் சொல்லி அனுப்பியவர் விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பிறீவீல். ஒரு மாதம் ஓடிவிட்டதால் அதை இனி நிராகரிக்க முடியாது. பழுதுள்ள பொருள் என்று நிரூபித்தால் நட்டஈடு மட்டும் கேட்கலாம். நிரூபிப்பதுதான் கஷ்டம். தேய்ந்து நீண்ட பழைய சங்கிலியைப் புதுப் பற்களில் ஓட்டினால் அது துள்ளும். பிறீவீலுக்குள்ளே பிடிப்பு விட்டாலும் மிதி வெறுமனே சுற்றும். ஓடுகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். சங்கிலியை மாற்றிப் பார்க்காமல் யார்மீதும் குற்றம் சொல்லாதீர்கள்.

மாங்குளத்து அண்ணை சொன்னதில் பாதி சரி. நீங்கள் கொண்டுபோன சாமானின் தரத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அவர் செய்த வேலைக்குப் பொறுப்பு உண்டு. சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. கோணலாகப் பூட்டித் திருகுப் புரியை அறுத்திருந்தால் அவரிடம் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால், ரயர் ஏறவில்லை என்பதற்கு உங்களிடமுள்ள நல்ல சாட்சி அவர்தான். அவரோடு மனக்கசப்பு வேண்டாம். ‘இந்த ரயர் இந்தச் சைக்கிளின் றிம்முக்கு உரியதல்ல’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

இனி எங்கே வாங்குவது என்பதற்கு என் பதில் வெளிப்படையானது: அளவு நிச்சயமாகத் தெரியாத சாமானை ஊர்க் கடையில் வாங்குங்கள். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ‘மகளின் சைக்கிளுக்கு ரயர் வேணும், நீங்களே பார்த்துத் தாங்கோ’ என்று அண்ணையிடம் சொல்லி வாங்கினால், அந்தத் தேவைக்கு ஏற்ற பொருளைத் தருவது அவர் பொறுப்பாகிறது, ஏனென்றால் நீங்கள் அவருடைய அறிவை நம்பி வாங்குகிறீர்கள். ஒன்லைனில் நீங்களே படத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்தால், விற்பவர் பொருந்தும் என்று எழுதியிருந்தாலன்றி, அந்தப் பொறுப்பு அவரிடம் போவது கடினம். ஊர்க் கடையிலும் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி ‘அதுதான் வேணும்’ என்று பிடிவாதமாகக் கேட்டால் இதே நிலைதான். 600 ரூபா வித்தியாசத்தில் அந்தப் பொறுப்பின் விலையும் அடங்கியிருக்கிறது. சைக்கிள் நின்றால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நிற்கிற நம் வன்னியில் அது பெரிய விலையில்லை. லாம்பு, மணி, பூட்டு போன்றவற்றை ஒன்லைனில் தாராளமாக வாங்கலாம்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. ‘ரயர் 2’ என்று மட்டும் எழுதாமல் ‘26 × 1⅜, 590’ என்று எழுதச் சொல்லுங்கள்.

கொழும்புக் கடைக்கு உங்கள் செய்தியில் 14 நாள் தவணை கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் படங்கள், விளம்பரம், கூரியர் துண்டு, அண்ணையின் கையெழுத்து எல்லாவற்றின் பிரதியோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள், 1977 என்ற எண்ணிலும் கேட்கலாம். பணத்தைத் திருப்பித் தரவோ பொருளை மாற்றித் தரவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. இந்தச் சிறு தொகைக்கு நீதிமன்றப் படியேற வேண்டாம், ஏறினாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகச் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யக் காலக்கெடு மூன்று மாதம். அதைப் பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள், அவர்கள் ‘பார்க்கிறோம்’ என்று இழுத்தடித்த நாட்களும் அதற்குள் அடக்கம்.