அலைச்சறுக்கும் தோள்வலியும்

கேள்வி: எனக்கு வயது 36. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களாக வார இறுதியில் மட்டும் அலைச்சறுக்கு பழகுகிறேன். ஒரே நாளில் மூன்று மணி நேரம்கூடக் கடலில் இருப்பதுண்டு. இரண்டு மாதங்களாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் வலிக்கிறது. அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தண்டால் எடுத்தால் சரியாகும் என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா? பழகுவதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தண்டால் இப்போது வேண்டாம்.

அலைச்சறுக்கு என்றதும் பலகைமேல் நிற்பதுதான் கண்முன் வரும். உண்மையில் கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, குப்புறப் படுத்துக் கைகளையே துடுப்பாக வலிப்பதில் கழிகிறது. அலைமேல் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இராது. (துடுப்பு வலிப்பதற்கும் உடம்பு வலிப்பதற்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது உங்கள் தோளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.) நீரைப் பின்னோக்கி இழுப்பவை மார்பிலும் முதுகின் பக்கவாட்டிலும் உள்ள பெரிய தசைகள். அவை கையை உட்புறமாகத் திருப்பும் இயல்புடையவை. அதற்கு எதிராக மூட்டின் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்தி வைக்கும் பொறுப்பு, தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு சிறிய தசைகளைச் சேர்ந்தது. வாரம் முழுவதும் முதுகு கூனிக் கணினியில் இருந்துவிட்டு, ஒரே நாளில் மூன்று மணி நேரம் துடுப்பு வலித்தால், முதலில் களைத்துப்போவது இந்தச் சிறிய தசைகளும் அவற்றின் தசைநாண்களுமே. கை தூக்கும்போது வலி, அந்தப் பக்கம் படுத்தால் வலி என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தத் தசைநாண் பாதிப்புக்குப் பெரும்பாலும் ஒத்துவருகிறது. நேரில் பரிசோதித்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

தண்டால் ஏற்கெனவே வலுவாக இருக்கும் முன்புறத் தசைகளையே மேலும் வலுவாக்கும். உங்களுக்குத் தேவையானது பின்புறத்துக்கான பயிற்சி. ஒரு சிறிய துண்டைச் சுருட்டி விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, கதவுக் கைப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டையைப் பிடித்து, முன்கையை மட்டும் வெளிப்புறமாக மெல்லத் திருப்பி, அதைவிட மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள். துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகிவிட்டது, தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள். 12 முதல் 15 தடவை, மூன்று சுற்றுகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவிலான வலி இருக்கலாம்; மறுநாள் காலை அது கூடியிருந்தால் பட்டையின் இழுவையைக் குறைத்துவிடுங்கள்.

அதே அளவு முக்கியமானது மேல்முதுகு. குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும்போது மேல்முதுகு வளையாவிட்டால், அந்த வளைவைக் கழுத்தும் இடுப்பும் ஏற்க வேண்டியிருக்கிறது. தோளும் இடுக்கமான நிலையில் சுழல்கிறது. கெட்டியாகச் சுருட்டிய துண்டைத் தோள்பட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுத்து, இரண்டு நிமிடம் மூச்சை நிதானமாக விட்டாலே வித்தியாசம் தெரியும். கணினி வேலைக்கு இடையிலும் இதைச் செய்யலாம்.

அடுத்த மூன்று வாரங்களுக்குக் கடலில் இருக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் ஒரே நாளில் அடைப்பதற்குப் பதிலாக இரண்டு நாட்களாகப் பிரியுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடலில் இறங்குவதை நான் ஒப்பமாட்டேன். நிறுத்தச் சொல்லும் குரலை அது அடக்கிவிடும்.

விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனாலோ, கைக்குள் மரத்துப்போனாலோ, ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது புதிதாகப் பழகுபவர்களையே பெரும்பாலும் தாக்குகிறது. நீண்ட நேரம் முதுகை வளைத்துக் குப்புறப் படுத்திருக்கும்போது, அடிபடாமலே, திடீரென்று முதுகு வலித்துக் கால்கள் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அது தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். மிக அரிது, ஆனாலும் உடனே கரைக்கு வந்து அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், அடுத்த அலைக்காகக் காத்திருக்கக் கூடாது.

தண்டாலுக்கு வருகிறேன். பலகையில் கையூன்றி எழுவதும் ஏறக்குறையத் தண்டால்தான் என்பதால், அதை என்றென்றைக்கும் தவிர்க்க முடியாது. கையை வலியின்றி முழுவதும் தூக்க முடிகிற நிலை வந்தபின் சுவரில் கையூன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, கடைசியாகத் தரை என்று சில வாரங்களில் இறங்கி வாருங்கள்.